ஒரே தோட்டா

அம்பெய்யும் கலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததை நாம் அறிவோம். குறிபார்க்கும் அக்கலை துப்பாக்கிக் காலத்தில் வளர்ந்த வகையை இங்கு நோக்குவோம்.

இங்கிலாந்தின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1859இல் தோன்றியது. 1860இல் விம்பிள்டனில் தொடங்கிய அதன் போட்டிகள் 1890இல் பிஸ்லிக்கு மாறின. அங்குப் படைவீரரின் .303 தோட்டாவே நெடுங்காலம் வழங்கிற்று. 1954இல் நேட்டோ ஏற்ற 7.62 மி.மீ. தோட்டா, 1960களின் இறுதியில் அவ்விடத்தைப் பெற்றது. 1980களில் பிரித்தானியப் படை 5.56 மி.மீ.க்கு மாறியபோதும், 1000 கெஜத் தொலைவில் காற்றுக்கு எளிதில் விலகாத 7.62ஐப் போட்டியாளர் கைவிடவில்லை.

படைத்தோட்டாவின் சிறப்பு யாது? அனைவர்க்கும் ஒரே தோட்டா வழங்கப்பட்டதால், செல்வம் அன்று, மூச்சடக்கமும் காற்றறியும் நுட்பமுமே வென்றன. மாணவச் செல்வங்களே, தேர்வுக்கூடத்திலும் வினாத்தாள் ஒன்றே!