சினை இறாலும் சிலாங்கூர் ஆறும்

காலை மணி ஏழு. இருள் இப்போதுதான் விலகுகிறது. கோல சிலாங்கூருக்குச் சற்று மேலே, சிலாங்கூர் ஆற்றின் கரையில் ஒரு சிறிய படகுத்துறை. படிவம் மூன்றில் பயிலும் மாணவன் ஒருவன் தன் சித்தப்பாவோடு அங்கு வந்து நிற்கிறான். இருவரும் ஊடாங் காலா எனப்படும் பெரிய ஆற்று இறாலைத் தூண்டிலிட்டுப் பிடிக்க வந்தவர்கள். படகும் தயார், தூண்டில்களும் தயார். ஆனால், படகை ஓட்டும் தெக்கோங் மட்டும் அவசரப்படவில்லை. அறுபது வயதைக் கடந்த அவர், சேற்றில் நட்டுவைத்த ஒரு குச்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம்.

“ஏன் தாத்தா, இன்னும் கிளம்பவில்லை?” என்று மாணவன் கேட்கிறான்.

“தண்ணீர் இன்னும் இறங்குகிறது, தம்பி. ஓட்டம் தணியட்டும். ஓடுகிற தண்ணீரில் ஈயக் குண்டு தரையில் நிற்காது. குண்டு நிற்காவிட்டால் இறால் எப்படி இரையைத் தொடும்?”

கோல சிலாங்கூரில் ஆறு கடலோடு கலக்கிறது. அதனால், கடல்நீர் ஏறும்போது ஆற்றுநீரும் ஏறுகிறது. கடல்நீர் வற்றும்போது ஆற்றுநீரும் இறங்குகிறது. இதனை ஓதம் என்பர். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஓதம் வலுவாக இருக்கும். ஆற்றின் ஓட்டமும் வேகமாக இருக்கும். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வரும் அட்டமி நாள்களை ஒட்டி ஓதம் தளர்ந்துவிடும். மலாய் மீனவர்கள் அந்நாள்களின் நீரை ‘ஆயர் மாத்தி’, அதாவது ‘செத்த தண்ணீர்’ என்பார்கள். ஆற்று இறால் பிடிப்போர் விரும்பிக் காத்திருப்பது இந்த நீருக்குத்தான். சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே எந்த நாளில் ஆற்றுக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாம். தெக்கோங் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே.

இந்த ஆற்றின் கதை தொலைவில் தொடங்குகிறது. பிரேசர் மலையை ஒட்டிய மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோலகுபு பாருவுக்கு மேலே, அதன் தலைநீர்ப் பகுதியில் சிலிங் ஆறு உள்ளது. ‘ஆற்றின் அரசன்’ என்று புகழப்படும் கெலா மீனை மீன்வளத் துறை அங்குப் பாதுகாத்து வருகிறது. அங்கே மீனைப் பார்க்கலாம், பிடிக்கக்கூடாது. மலையை விட்டு இறங்கிய பிறகு ஆறு, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தை வந்தடைகிறது. இது நம் முன்னோர் வேர்வை சிந்திய தோட்டப்புறம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திலுள்ள தெனாமாரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது.

தோட்டத்து மக்களுக்கு ஆறும் அதன் கிளைகளும் வாய்க்கால்களும் இன்னொரு சமையற்கட்டாகவே இருந்தன. பால்வெட்டு வேலை முடிந்த பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூங்கில் கோலும் மண்புழு நிறைந்த தகர டின்னுமாகப் பிள்ளைகளும் பெரியவர்களும் கரையில் அமர்ந்திருப்பார்கள். வாளியில் விழுந்த கெளுத்தியும் விராலும் அன்றிரவு லயத்து வீட்டில் குழம்பாகும். நம் தெக்கோங்கும் அப்படி வளர்ந்தவர்தான். ஆறு எங்கே ஆழம், எங்கே மரக்கட்டை மூழ்கிக் கிடக்கிறது, எந்த வளைவில் சேறு, எந்த வளைவில் மணல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

குச்சியைச் சுற்றி நுரை அசையாமல் நிற்கிறது. “இப்போது போகலாம்” என்கிறார் தெக்கோங். நீப்பா மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் இயந்திரத்தை நிறுத்தி நங்கூரம் இடுகிறார். சிறிய முள்ளில் புழுவைக் கோத்து, ஈயக் குண்டு தரையைத் தொடும்வரை தூண்டிலை இறக்கச் சொல்கிறார்.

சிறிது நேரத்தில் கோலின் நுனி மெல்ல அசைகிறது. மாணவன் சட்டென்று இழுக்கிறான். முள் வெறுமையாக வருகிறது. தெக்கோங் சிரிக்கிறார்.

“இறால் மீன் மாதிரி இரையைக் கவ்வி விழுங்காது, தம்பி. முதலில் கொடுக்கால் பிடிக்கும். பிறகு, தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோகும். கொடுக்கில் இருக்கும்போது இழுத்தால் விட்டுவிடும். அது சாப்பிடும்வரை நீ பொறுத்திருக்க வேண்டும்.”

அடுத்த முறை மாணவன் பொறுத்திருக்கிறான். கோல் வளைகிறது. மெதுவாகத் தூக்குகிறான். நீல நிறக் கொடுக்குகள் நீரைக் கிழித்து மேலே வருகின்றன. தெக்கோங் கைவலையை நீட்டி ஏந்திக்கொள்கிறார். அது ஓர் ஆண் இறால். ஆண் இறாலின் கொடுக்கு அதன் உடலைவிட நீளமாகவும் வளரும். நன்கு வளர்ந்த ஆண் இறால் 32 சென்டிமீட்டர் நீளத்தையும் பெண் இறால் 25 சென்டிமீட்டர் நீளத்தையும் எட்டும். உலகிலுள்ள நன்னீர் இறால்களில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

ஒரு மணி நேரம் கழித்து மாணவனின் தூண்டிலில் மீண்டும் ஓர் இறால் சிக்குகிறது. கொடுக்கு சிறியது, ஆனால், உடல் கனமாக இருக்கிறது. வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. தெக்கோங் அதைக் கையில் எடுக்கிறார். ஒரு கணம் பார்க்கிறார். உடனே படகின் ஓரமாகக் குனிந்து மெல்ல ஆற்றில் விட்டுவிடுகிறார்.

சித்தப்பாவுக்குக் கோபம் வருகிறது. “என்ன அண்ணே இது? பையன் பிடித்த இறால். படகுக்குப் பணம் கொடுத்தது நான். நீங்கள் பாட்டுக்கு விட்டுவிட்டீர்களே!”

“அது சினை இறால், தம்பி” என்கிறார் தெக்கோங்.

“ஆற்றில் ஆயிரம் இறால் இருக்கும். இந்த ஒன்றை விட்டதால் என்ன ஆகிவிடப் போகிறது?”

மாணவர்களே, சித்தப்பாவின் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண, அந்த இறாலின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நன்கு முதிர்ந்த பெண் இறால் ஒரு முறையில் 80,000 முதல் 100,000 முட்டைகள்வரை இடக்கூடும். முட்டைகளை வயிற்றுக்கடியில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுமக்கும். தொடக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள், பொரிக்கும் காலம் நெருங்க நெருங்கச் சாம்பல் நிறமாக மாறும். அப்போது தாய் இறால் ஆற்றோட்டத்தோடு கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. காரணம், அதன் குஞ்சுகள் நன்னீரில் பிழைப்பதில்லை. உப்பும் நன்னீரும் கலந்த உவர்நீர் கிடைக்காவிட்டால் அவை சில நாள்களிலேயே இறந்துவிடும். உவர்நீரில் அந்தச் சிற்றுயிர்கள் வயிற்றுப்புறம் மேலாகவும் வால் முன்னாகவும் நீந்துகின்றன. பதினொரு வளர்நிலைகளைக் கடக்கின்றன. அதன் பிறகே இறாலின் உருவத்தைப் பெறுகின்றன. உருப்பெற்ற குட்டி இறால்கள் ஓட்டத்தை எதிர்த்து நீந்தியும் கரையோரமாக ஊர்ந்தும் மீண்டும் நன்னீரை நோக்கி ஏறுகின்றன.

இந்த இரகசியம் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. தொட்டியில் வளர்க்கப்பட்ட குஞ்சுகள் மடிந்துகொண்டே இருந்தன. 1961ஆம் ஆண்டில் பினாங்கு, குளுகோரில் ஆய்வு நடத்திய ஷாவ் வென் லிங் என்னும் அறிஞர்தான் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவை என்பதைக் கண்டறிந்தார். பிறகு, மலேசிய இறால்கள் ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவற்றைப் பெருமளவில் வளர்க்கும் முறையும் உருவாக்கப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறும் நன்னீர் இறால் வளர்ப்புக்கு வித்திட்டது நம் நாட்டில் நிகழ்ந்த அந்தக் கண்டுபிடிப்பே.

இதே போன்ற ஒரு பயணத்தை உலகின் வடகோடியில் வேறோர் உயிர் மேற்கொள்கிறது. வட அமெரிக்காவின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் ‘கிங் சால்மன்’, அதாவது அரச சால்மன் மீன்தான் அது. இறால் போகும் வழிக்கு நேர் எதிரான வழியில் அது போகிறது. நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. ஆற்றுநீரின் மணத்தைக்கொண்டே அது தன் பிறந்த இடத்தை அடையாளம் காண்கிறது. முட்டையிட்ட பின் இறந்துவிடுகிறது. அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985ஆம் ஆண்டில் தூண்டிலில் சிக்கிய ஓர் அரச சால்மன் 97 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 44 கிலோகிராம் எடை இருந்தது. அங்கும் ஆற்றை நன்கு அறிந்த வழிகாட்டிகள் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்கிறார்கள்.

ஆனால், பெயரில் அரசனாக இருந்தால் மட்டும் போதுமா? அலாஸ்காவிலும் கனடாவிலும் ஓடும் யூக்கோன் ஆற்றில் அரச சால்மன்கள் சில ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சலிட்டுத் தலைநீரை அடைகின்றன. அந்த ஆற்றில் மீன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால், 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு அரச சால்மன் பிடிப்பதை நிறுத்திவைக்க உடன்பாடு கண்டன. ஏழு ஆண்டு என்பது அந்த மீனின் ஒரு தலைமுறைக் காலம். தலைமுறை தலைமுறையாக அந்த மீனையே நம்பி வாழ்ந்த ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்கள் இன்று அதைப் பிடிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள்.

சால்மனுக்கும் இறாலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் இரண்டு நீர் வேண்டும். இரண்டையும் இணைக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டாலும் வாழ்க்கைச் சக்கரம் நின்றுவிடும்.

சிலாங்கூர் ஆற்றில் அந்த வழியைக் கெடுப்பவை பல. அவற்றுள் மிகக் கொடியது நஞ்சு. சிலர் ஓரிரவில் நிறைய இறால் அள்ளுவதற்காக ஆற்றில் நஞ்சைக் கலக்கிறார்கள். மூச்சுத் திணறும் இறால்கள் கரையோரம் ஒதுங்குகின்றன. பெரியவற்றை அள்ளிக்கொண்டு போகிறார்கள். விற்பனைக்கு உதவாத சிறிய இறால்களும் மீன் குஞ்சுகளும் அங்கேயே மடிகின்றன. நஞ்சு, வெடிமருந்து, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தி மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. இறாலைத் தாக்கும் நஞ்சு இறாலோடு நிற்பதில்லை. நம் மாநிலத்து வீடுகளுக்குக் குடிநீர் தருவதும் இதே ஆறுதான். 2020 செப்டம்பரில் ராவாங் வட்டாரத்துக் கிளையாறு ஒன்றில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றைச் சார்ந்த நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குதாரர்கள் நீரின்றித் தவித்தனர்.

கரையை அழிப்பதும் ஆற்றைக் கெடுப்பதே. கம்போங் குவாந்தானில் இரவுதோறும் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அந்த மின்மினியின் புழுக்கள் ஆற்றங்கரை ஈர மண்ணில் வாழும் நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையிலுள்ள செடிகொடிகளை அழித்தால் நத்தை இல்லை. நத்தை இல்லையேல் மின்மினியும் இல்லை. பிறகு சம்பான் துடுப்புப் போடுவோருக்கும் வேலை இல்லை.

இனி, படகுக்குத் திரும்புவோம். சித்தப்பாவின் கேள்விக்குத் தெக்கோங் இப்படி விடை சொல்கிறார்:

“ஒன்று என்று நினைக்காதீர்கள், தம்பி. அதன் வயிற்றில் எண்பதாயிரம் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் எண்பது இறால். அடுத்த ஆண்டு இந்தப் பையன் வந்தால் அதில் ஒன்று அவன் தூண்டிலில் சிக்கும். இன்றைக்கு அதைச் சட்டியில் போட்டால் ஒரு வேளைக் கறி, அவ்வளவுதான். நீங்கள் வராவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை, உண்மைதான். ஆனால், இறால் வராவிட்டால் நீங்களும் வரமாட்டீர்களே!”

சித்தப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நஞ்சு கலப்பவன் ஒரே இரவில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறானே, அண்ணே. நாம் ஒன்றை விட்டு என்ன பயன்?” என்று கேட்கிறார். இம்முறை அவர் குரலில் கோபம் இல்லை.

“அவனைப் பார்த்தால் அதிகாரிகளுக்குச் சொல்லுகிறேன். அது ஒரு வேலை. இதை விடுவது இன்னொரு வேலை. அவன் தன் வேலையைச் செய்கிறான் என்பதற்காக நான் என் வேலையை நிறுத்த முடியுமா?”

நண்பகலில் படகு துறைக்குத் திரும்புகிறது. ஏற்றநீர் வேகம் பிடித்துவிட்டதால் இனித் தூண்டில் போட முடியாது. வாளியில் ஆறு இறால்கள் இருக்கின்றன. திரும்பும் வழியில் இன்னொரு சினை இறால் சிக்கியிருந்தது. அதை ஆற்றில் விட்டவர் தெக்கோங் அல்லர், சித்தப்பாதான். மாணவன் அதைக் கவனித்தான். கரையேறும்போது சேற்றில் நட்டிருந்த குச்சியையும் திரும்பிப் பார்த்தான். காலையில் சேற்றில் நின்ற அதன் அடிப்பாகம் இப்போது நீருக்குள் மூழ்கியிருந்தது.

“அடுத்த அட்டமி எப்போது, தாத்தா?” என்று அவன் கேட்டான்.