வயலின் கற்போம், வயலினைக் காப்போம்



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குச் செல்லும் நம்மவர் கோயில்களையும் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அச்சாலையை அடுத்து அமைந்துள்ளது சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம். 1949-ஆம் ஆண்டில் தோன்றிய இக்கழகம், பாட்டு, நடனம் முதலியவற்றோடு வயலினும் கற்பித்து வருகின்றது. அதே நகரில் 1979-ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவிலும் எண்ணிக்கையில் மிகுந்து விளங்குவது வயலினே. ஒரே கருவி இருவேறு இசை மரபுகளுக்கும் பணிபுரிவது வியப்பன்றோ!

வந்த வரலாறு

வயலின் 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்றது. ஐரோப்பியருடன் சென்னைக்கு வந்த அதனைக் கற்று, நம் இசைக்கு உரியதாக்கியவர்களுள் முதல்வர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786). தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இதில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அயல்நாட்டுக் கருவி என்று ஒதுக்காமல் நம் முன்னோர் கற்றதனாலன்றோ, இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரியைக் காண்பது அரிதாயிற்று!

கற்கும் முறை

வயலினுக்குத் தந்திகள் நான்கு. வீணைக்கு உள்ளது போல் மெட்டுகள் இதற்கு இல்லை. ஆதலால் சுரத்தின் இடத்தைக் காதே விரலுக்குக் காட்ட வேண்டும். மேலைநாட்டார் கருவியை மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் பிடித்து வாசிப்பர். நாமோ தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலைப்பகுதியை வலக் கணுக்காலின்மேல் ஊன்றி வாசிக்கின்றோம். கருவியின் பாரத்தைக் கால் தாங்குவதனால், இடக்கை தடையின்றித் தந்தியின்மேல் வழுக்கிச் சென்று கமகங்களை எழுப்புகின்றது.

தொடக்கத்தில் வில்லை நேராக இழுத்து நீண்ட ஓசை எழுப்பப் பழகுதல் வேண்டும். பின்னரே சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் எனப் படிப்படியாக ஏற வேண்டும். வில்லை மிக அழுத்தினால் ஓசை கீச்சிடும். அழுத்தம் குறைந்தால் ஓசை மெலியும். பால்மரம் சீவிய பெற்றோருக்கு இது நன்கு விளங்கும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் குறையும். அளவறிந்த கையே இரண்டிற்கும் வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் பழகுவது, வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் பழகுவதினும் நன்று.

காக்கும் முறை

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டிற்கு மேல் உள்ளது. ஈரத்தில் மரம் உப்பும். தந்தியை முறுக்கும் பிரடை இறுகும். குளிர்சாதன அறையிலோ மரம் உலர்ந்து சுருங்கும், பிரடை நழுவும். ஆகவே கருவியைப் பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தையும் உடன் வைத்தல் நலம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லுதல் கூடாது.

வயலினின் பலகைகள் விலங்குப் பசையால் ஒட்டப்படுவது வழக்கம். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் ஒட்டு விட்டுப்போகலாம். இதனைக் குறை என எண்ண வேண்டா; பலகை பிளவுறுவதற்கு முன் ஒட்டு விடுவதே நன்மை. கைதேர்ந்தவர் அதனை எளிதில் மீண்டும் ஒட்டுவார். நாமே கடைப்பசை தடவினால் பழுது பெரிதாகும்.

மேலும் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. வாசித்து முடிந்ததும் மென்துணியால் ரோசின் தூளைத் துடைத்து, வில்லின் முடியைத் தளர்த்தி வைக்க வேண்டும்.
2. வில்லின் குதிரைமுடியைக் கையால் தொடலாகாது. கை எண்ணெய் பட்டால் முடி தந்தியைப் பற்றாது.
3. நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றலாகாது. அவ்வாறு செய்தால் குதிரை சாயும். உள்ளே நிற்கும் சிறு மரத்தாங்கியும் விழக்கூடும். அத்தாங்கியை இத்தாலியர் ‘ஆன்மா’ என்றே அழைக்கின்றனர்.

பெற்றோர் கவனத்திற்கு

வயலின், பிள்ளையின் கையளவிற்கேற்பக் கால், அரை, முக்கால், முழு என்னும் அளவுகளில் கிடைக்கின்றது. பெரிதாக வாங்கினால் நெடுநாள் உதவும் என எண்ணுதல் தவறு. எட்டாத விரல் பிழையாகவே பழகும். பிள்ளை வளர்ந்ததும் சிறிய கருவி வீணாவதில்லை. அடுத்த பிள்ளைக்கு அஃது உதவும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய கருவியே முதல் வாய்ப்பாகலாம்.

ஆதலின் மாணவர்களே, இன்று நீங்கள் துடைத்து வைக்கும் வயலின் உங்களுக்கு மட்டும் உரியதன்று. உங்களுக்குப் பின் வரும் தம்பி தங்கையரின் இசையும் அதனுள் காத்திருக்கின்றது. கருத்துடன் கற்பீர்! கண்போல் காப்பீர்!