காட்டு நடைபாதைகளைக் காக்கும் சிரமதானம்

பேச்சிப்பாறை அணைக்கு அப்பாலுள்ள மலைகளில் காணி மக்களின் குடியிருப்புகள் பல இருக்கின்றன. வண்டி செல்ல இயலாத இடங்களில் அவர்களுக்கு ஒற்றையடிப் பாதையே துணையாகும். விளைபொருள் சந்தைக்கு வருவதும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், நோயாளியைச் சுமந்து இறக்குவதும் அதன் வழியேதான். பாதை கெட்டால் குடியிருப்பே துண்டிக்கப்படும்.

பாதை கெடுவது எதனால்?

மக்கள் நடப்பதனால் என்று பலர் எண்ணுவர். ஆனால் பெரும் பகை மழைநீரே. நடுவில் பள்ளம் விழுந்த பாதையில் இறங்கும் நீர், வெளியேற வழியின்றிப் பாதையையே ஓடையாக்கிவிடுகிறது. மண் கரைந்து வேரும் கல்லும் வெளிப்படுகின்றன. மக்கள் அதை விலக்கி ஓரமாக நடக்க, அங்கும் புல் அழிந்து மற்றோர் ஓடை உண்டாகிறது. அரித்த மண் இறுதியில் நீர்த்தேக்கத்தில் படிகிறது. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் நீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே மலைப்பாதையைக் காப்பதில் சமவெளி உழவருக்கும் பங்குண்டு.

செய்ய வேண்டுவன

1. பாதை பள்ளத்தின் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். 3 அடி அகலத்திற்கு ஏறத்தாழ 2 அங்குலச் சாய்வு போதும்.

2. செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 30 அடிக்கு ஒன்றாகப் பாதையின் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்து, நீரைப் பள்ளத்தின் பக்கம் திருப்ப வேண்டும். கல்லின் பெரும்பகுதி மண்ணுள் புதைந்திருத்தல் அவசியம்.

3. வாய்க்காலில் தூர் எடுப்பதுபோல், நீர் வெளியேறும் வாயை அடைக்கும் மண்ணையும் சருகையும் அகற்ற வேண்டும். அம்மண்ணைக் கொண்டே பாதையின் பள்ளத்தை நிரப்பலாம்.

4. குறுக்குவழிகளை முட்செடியிட்டு அடைக்க வேண்டும்.

நம் மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவது. ஆதலால் வைகாசியில் ஒருமுறையும் புரட்டாசியில் ஒருமுறையும் இப்பணியைச் செய்தல் நலம்.

சட்டமும் கிராம சபையும்

இக்காடுகளின் பெரும்பகுதி 2008ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே வனச்சரக அலுவலரின் அனுமதி பெற்ற பின்னரே கருவிகளுடன் புறப்பட வேண்டும். மரம் எதனையும் வெட்டலாகாது. பாதையைச் சாலையாக்க வேண்டுமெனில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி காட்டுகிறது. ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை அரசு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை இன்றியமையாதது.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில் சிரமதானம் ஊர்தோறும் பரவிய சொல்லாக இருந்தது. அதற்கு இன்றும் பொருள் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூட்டுக்காணி முதலிய குடியிருப்புப் பெரியோரைக் கலந்து, வரும் கிராம சபையிலேயே நாள் குறிப்பார்களாக. மழைக்கு முன் தரும் அரைநாள் உழைப்பு, மழைக்குப் பின் பல நாள் துயரைத் தவிர்க்கும்.