முதிர்வயதில் மங்கும் கண்கள்



முதிர்வயதில் பார்வை மங்கினவர்கள் சிலரை வேதாகமத்திலேயே நாம் சந்திக்கிறோம். எதிரே நிற்பது மூத்த மகனா இளையவனா என்று அறிய ஈசாக்கு கையால் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆசாரியனாகிய ஏலி 98 வயதில் பார்வையற்றிருந்தார். தீர்க்கதரிசியாகிய அகியாவின் நிலையும் அதுவே. 120 வயதிலும் பார்வை குன்றாத மோசேயைப் பற்றித் தனியே சொல்லப்பட்டிருப்பதால், அது எவ்வளவு அபூர்வம் என்று விளங்குகிறது.

ஆகவே "வயதானால் கண் மங்கத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஈசாக்கின் காலத்தில் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்று நிறைய இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறவர்கள் அநேகர்.

1. எத்தனை பேருக்கு?

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு ஆய்வின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100க்கு ஏறக்குறைய 2 பேர் (1.99 சதவீதம்) பார்வையற்றவர்கள். ஏதோ ஓர் அளவில் பார்வைக் குறைவு உள்ளவர்கள் கால்வாசிக்கும் மேல். உங்கள் சபையில் 50 வயதைத் தாண்டியவர்கள் 200 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே விகிதப்படி 4 பேருக்குப் பார்வை இராது. 50 பேருக்கு மேல் சரியாகத் தெரியாது.

இந்த வயதினரின் பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குக் காரணம் சிகிச்சை செய்யப்படாத கண்புரை. அதாவது, பார்வையற்ற மூன்று முதியோரில் இருவர் அறுவைச் சிகிச்சையால் பார்க்கக் கூடியவர்கள்.

2. எவை அந்த நோய்கள்?

நாற்பது வயதுக்குப் பின் எழுத்தைத் தள்ளிப் பிடித்து வாசிப்பது நோயல்ல. அது வெள்ளெழுத்து, கண்ணாடி போதும். கவனிக்க வேண்டியவை நான்கு.

கண்புரை: கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால்போல் மங்குவது. சில முதியோர் ஒருநாள் திடீரென்று, "கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறேன்" என்று சந்தோஷப்படுவார்கள். அது பெரும்பாலும் புரை வளருகிறதற்கு அடையாளம். சில மாதங்களில் அந்தத் தெளிவு போய்விடும். மங்கின வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதே சிகிச்சை. 1949-ல் லண்டனில் டாக்டர் ஹரால்ட் ரிட்லி இதை முதன்முதலாகச் செய்தார். பல ஆண்டுகள் இந்த வில்லை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, குறைந்த விலையில் இங்கேயே தயாரான பிறகு நிலைமை மாறிற்று.

கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா): கண்ணின் நரம்பை மெதுவாக அழிப்பது. பெரும்பாலும் வலி இராது. பக்கப் பார்வை முதலில் குறைவதால், நோயாளி வெகுகாலம் அறியமாட்டார். போன பார்வை திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்தாலும் மற்றச் சிகிச்சைகளாலும் காக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு: பார்வை நன்றாயிருக்கும்போதே தொடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுவது அவசியம்.

விழித்திரையின் மையப்பகுதி தேய்தல்: நேர்க்கோடு வளைந்து தெரியும், முகங்களின் நடுப்பகுதி மறையும். புகைபிடிப்போருக்கு ஆபத்து அதிகம்.

3. ஏன் வருவதில்லை?

ஆஸ்பத்திரி வார்டுகளில் நான் அடிக்கடி கேட்கிற காரணங்கள் இவை: "கூட வர ஆளில்லை." "இந்த வயசில எனக்கெதுக்கு?" "அறுப்பு முடியட்டும்." பணம் இந்தப் பட்டியலில் எப்போதும் முதலாவதாக வருவதில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் பாரமாயிருக்கக் கூடாது என்ற எண்ணமே முந்தி வருகிறது.

சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியம்மாவை மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். கட்டு அவிழ்த்திருந்தது. தன் விரல் நகங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு அழுக்காவா இருந்தேன் ஐயா? ஒருத்தரும் சொல்லலையே" என்றார். பார்வை போனவர்கள் சுத்தத்தையும், தானே மாத்திரை எடுத்துச் சாப்பிடும் சுதந்திரத்தையும், விழாமல் நடக்கும் தைரியத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இன்னொரு பெரியவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர். "புரை முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று ஊரில் சொன்னதை நம்பினார். இக்காலத்துச் சிகிச்சைக்குப் புரை முற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைவிடத் துயரம், அவருக்கு வந்தது புரையே அல்ல. கண் நீர் அழுத்த நோய். ஒரு கண் முழுவதும் போயிற்று, மறு கண்ணில் பாதி மீதியிருந்தது. டாக்டர் சொல்லிவிட்டுப் போனபின் அவரோடு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "என் தம்பிக்கும் காட்டச் சொல்லணும்" என்றார். அடுத்த வாரமே தம்பி வந்தார். நோய் அவருக்கும் இருந்தது. ஆனால் தொடக்க நிலையில். இன்று அவர் சொட்டு மருந்தோடு நன்றாகப் பார்க்கிறார்.

வீட்டிலிருந்தபடி இது புரையா, வேறு நோயா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே காத்திருக்கச் சொல்வது நல்ல ஆலோசனையல்ல.

4. நாம் செய்யக்கூடியது

கண் முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர், வேலூரில் பணியாற்றிய மிஷனரி டாக்டர் விக்டர் ராம்போ. நோயாளி வரட்டும் என்றிராமல் நாமே போவது அந்த வழி. உங்கள் காணிக்கை அறுவைச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் உதவுகிறது. ஆனால் முதல் உதவி கவனிக்கும் கண்ணே. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மனப்பாடமாகப் பாடுகிறவர், படியில் தயங்குகிறவர், குரலைக் கேட்ட பிறகே நம்மை அடையாளம் காண்கிறவர்: இவர்களிடம் அன்பாக விசாரியுங்கள். துணையாக ஒரு நாள் வந்து செல்லுங்கள். அந்த ஒரு நாள் கிடைக்காததாலேயே பலர் இருட்டில் இருக்கிறார்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் சபையில் 60 வயதைக் கடந்தவர்களில் கடந்த ஓராண்டில் கண் பரிசோதனை செய்தவர் எத்தனை பேர்?
2. தனியே வசிக்கும் முதியோருடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல நம்மில் யார் முன்வருவோம்?
3. நம் குடும்பத்தில் சர்க்கரை நோயோ கண் நீர் அழுத்த நோயோ உள்ளதா? அப்படியானால் நாம் நம் கண்களைக் காட்டினோமா?

உங்கள் ஊழியன்,
ஆஸ்பத்திரி சாப்ளின்