சோடியமும் பொட்டாசியமும்: வயலில் அவற்றின் குணபேதம்

புதுச்சேரி நகரில் உப்பளம் என்றொரு பகுதி உண்டு. பெயரே அவ்விடத்துப் பழந்தொழிலைச் சொல்லும். உப்பளத்துக்குக் கடல்நீர் செல்வம். நெல்வயலுக்கோ அது நாசம். கரையோர ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்து, முன்பு நன்னீர் தந்த சில கிணறுகள் உவர்த்துப் போயின. ஆகையால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் சோடியம், பொட்டாசியம் என்னும் இரண்டு பொருள்களின் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும். ஒன்று பயிருக்கு ஆகாரம். மற்றொன்று மிகுந்தால் மண்ணுக்குக் கேடு. ரசாயன சாஸ்திரத்திலோ இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கார உலோகங்கள்

லிதியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறும் கார உலோகங்கள் எனப்படும். 1807-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய ரசாயன நிபுணர் காரங்களினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதல் உலோகமாகப் பிரித்தெடுத்தார். கடைசியான பிரான்சியத்தை 1939-இல் பாரிஸ் நகரில் மார்கரித் பெரே அம்மையார் கண்டறிந்து, தம் தாய்நாட்டின் பெயரையே அதற்கு இட்டார்.

இவ்வுலோகங்கள் இரும்பு, செம்பு போன்றவையல்ல. சோடியத்தைக் கத்தியால் அரியலாம். அது 98 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்திலேயே உருகும். பொட்டாசியம் சுமார் 63 டிகிரியில் உருகும். இரண்டும் நீரில் மிதக்குமளவு இலேசானவை. நீர் பட்டவுடன் சீறி, ஹைட்ரஜன் வாயுவை வெளிப்படுத்தி, நீரைக் காரமாக்கிவிடும். பொட்டாசியம் பட்டால் அவ்வாயு உடனே தீப்பற்றி எரியும். ஆகவேதான் ஆய்வுசாலைகளில் இவற்றை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைக்கின்றனர். இவ்வேகத்துக்குக் காரணம் யாதெனில், இவற்றின் அணு ஒவ்வொன்றின் வெளிச்சுற்றிலும் ஒரேயோர் எலெக்ட்ரான் இருப்பதும், அதை அணு எளிதில் விட்டுவிடுவதுமேயாகும். அணு பெரிதாகப் பெரிதாக அந்தப் பிடி தளர்கிறது. ஆதலின் லிதியத்தினும் சோடியமும், சோடியத்தினும் பொட்டாசியமும் வேகம் மிக்கவை.

இத்தன்மையால் இவை உலோக உருவில் நிலத்தில் கிடைப்பதில்லை. எலெக்ட்ரானை இழந்த அயனிகளாக உப்புக்களிலும் மண்ணிலும் அமைந்துள்ளன. உப்பிட்ட உலைநீர் பொங்கி அடுப்பில் வழிகையில் சுடர் மஞ்சளாவது சோடியத்தின் அடையாளம். பொட்டாசியம் இளஊதா நிறம் காட்டும்.

மண் பிடித்து வைப்பதும் விட்டு விடுவதும்

பூமியின் மேலோட்டில் சோடியமும் பொட்டாசியமும் ஏறக்குறையச் சமமாகவே, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காக உள்ளன. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் சுமார் 10.8 கிராமும், பொட்டாசியம் சுமார் 0.4 கிராமுமே உள்ளன. மழை இரண்டையும் பாறையினின்று கரைத்தும், கடலை அடைந்தது பெரும்பாலும் சோடியமே. பொட்டாசியத்தைக் களிமண்ணும் செடிகொடிகளும் வழியிலேயே நிறுத்திக்கொண்டன.

சோடிய அயனி தன்னைச் சுற்றி நீரை மிகுதியாகப் போர்த்துக்கொள்வது. ஆகையால் களிமண் துகளில் நெருங்கி ஒட்டாது. பொட்டாசியம் அந்நீரை எளிதில் உதறிக் களிமண் அடுக்குகளின் இடையே பொருந்தி அமரும். எனவே வடிகால் இருந்தால் சோடியம் தானே வெளியேறும். வடிகால் அடைபட்டால் வயலிலேயே தங்கிக் கேடு விளைக்கும்.

உவரும் களரும்

கரையும் உப்புக்கள் மிகுந்து, வெயிலில் வெண்பூப் பூத்துக் காணும் நிலம் உவர். உப்பு குறைந்திருந்தும் களிமண்ணில் சோடியம் பற்றிக்கொண்ட நிலம் களர். களரில் துகள்கள் பிரிந்து சேறாகி, நீர் இறங்காமல் தேங்கி, காய்ந்தால் கல்லாகும். மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேலும், களிமண் பற்றிய அயனிகளில் சோடியம் நூற்றுக்கு 15-க்கு மேலும் இருப்பின் அது களரெனக் கொள்க.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் காரைக்கால், நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. 2005-இல் மிகுதியாகப் பெய்த வடகிழக்குப் பருவமழை, வடிகால் உள்ள நிலங்களில் அவ்வுப்பைப் பெரும்பாலும் அலசிச் சென்றது. உவருக்கு மருந்து நன்னீரும் வடிகாலுமே என்பது இதனால் விளங்கும். களருக்கோ அவை மாத்திரம் போதா. ஜிப்சத்திலுள்ள கால்சியம் களிமண்ணில் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட சோடியம் சல்பேட்டாகி நீரோடு வெளியேறும்.

செய்யவேண்டுவன

வயல்மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த மழைநீரில் அசைக்காமல் இட்டு வைக்க. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கி, அக்கலங்கல் தெளியாதிருந்தால் களரெனச் சந்தேகிக்கலாம். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி, அங்குச் சொல்லும் அளவிலேயே ஜிப்சம் இடுக. அதை உழுது கலந்து, நீர் நிறுத்தி, சில நாள் கழித்து வடித்துவிடல் வேண்டும். நீர் வடியாத வயலில் இட்ட ஜிப்சம் வீண் செலவே. தக்கைப்பூண்டை வளர்த்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழுதல் மிக்க பயன் தரும்.

நெற்பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது. வைக்கோல் முழுவதையும் விற்பவர் தம் நிலத்தின் பொட்டாசியத்தை வண்டியேற்றி அனுப்புகின்றனர். அதை எருவாகவோ உரமாகவோ திருப்பியிடல் வேண்டும். சாம்பலில் பொட்டாசியம் உண்டெனினும் அது காரமாதலால் களர்நிலத்தில் இடலாகாது.

கிராம அதிகாரிகள் மழைக்கு முன்னரே வடிவாய்க்கால்களின் ஆக்கிரமிப்பையும் தூரையும் அகற்றி வைத்தல் வேண்டும். ஒருவர் வரப்பருகே வாய்க்காலை அடைத்தால், மேலேயுள்ள பத்துப் பேர் வயலில் சோடியம் தங்கிவிடும். கிணற்று நீரை ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதித்துப் பதிவு செய்துவந்தால், கடல்நீர் நெருங்குவதைப் பயிர் கருகுமுன் அறிந்து இறைப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.