மடையானிடம் போய்ப் படி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நாற்பத்திரண்டு படங்களையும் பார்த்தேன். முப்பது வகைப் பறவை இருக்கும் போலிருக்கிறது, பெரும்பாலும் வகைக்கு ஒரு படம். மின்கம்பியில் ஒரு பனங்காடை, தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பூநாரைக் கூட்டம், எதுவென்றே தெரியாமல் கலங்கிப் போன ஒரு மீன்கொத்தி. ‘600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?’ என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. இப்போது தூரத்தில் கலங்கித் தெரியும் மீன்கொத்தி அப்போது பக்கத்தில் கலங்கித் தெரியும்.

உன்னிடம் இருக்கும் 70-300 போதும். புதுப் பறவை தேடி அலைவதையும் கொஞ்ச நாள் நிறுத்து. உன் ஊர் ஏரியில் மடையான் நிற்கும். இரண்டு மாதம் அதை மட்டும் எடு.

சிரிக்காதே. ஆள் கிட்டே வரும்வரை அசையாமல் நிற்கிறதே, கண் தெரியாதோ என்று நினைத்து அதற்குக் ‘குருட்டுக் கொக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியார் இல்லாமல் கற்கிறவனுக்கு அந்த அசையாமைதான் வரம். ஃபோகஸ் புள்ளியை அதன் மஞ்சள் கண்ணில் வைத்துப் பார்க்கலாம், ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம், உட்கார்ந்து எடுத்தால் எப்படி, கரைச் சேற்றில் படுத்து எடுத்தால் எப்படி என்று ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் பொறுத்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நொடியில் எழும்பிப் போகும். அங்கேதான் முதல் அடி விழும். நிற்கும்போது மடையான் சேற்று நிறம். இறக்கையை விரித்தால் வெள்ளை வெளேர். பழுப்பு முதுகையும் கருஞ்சேற்றையும் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும். விரிந்த இறக்கை சலவை வேட்டி மாதிரி விழும், இறகின் வரி ஒன்றுகூட மிஞ்சாது. எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. கேமரா பழுது என்று நினைத்துக் கடைக்கெல்லாம் எடுத்துப் போனேன்.

மேனுவலுக்கு மாறு. நிற்கும் கொக்கு கொஞ்சம் இருண்டு தெரியும் அளவுக்கு முன்கூட்டியே வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக் காத்திரு. நிற்கும் படம் கெடும், கெடட்டும். அது போல நூறு உன்னிடம் சேர்ந்திருக்கும். ஷட்டர் நிற்பதற்கு 1/500 போதும், பறப்பதற்கு 1/2000-க்குக் கீழே இறங்காதே. வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைத் தாராளமாக ஏற்று. பொரிப்பொரியாக வந்த படத்தைப் பிறகு ஓரளவு தேற்றலாம், ஆடிப்போன படத்தைத் தேற்ற வழியில்லை.

இதெல்லாம் கேமராவோடு வரும் கையேட்டில் கிடைப்பதுதான். கிடைக்காதது ஒன்று உண்டு: காற்று. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், பெரும்பாலும் காற்றைப் பார்த்தே உட்காரும். உன் முதுகில் காற்று பட்டால் அது உன் பக்கமாக எழும்பும், முகத்தில் பட்டால் வாலைத்தான் காட்டும். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலையில் வெயிலும் கிழக்கு. ஆக, அந்த மாதங்களில் விடிந்ததும் ஏரியின் கிழக்குக் கரையில் மேற்கே பார்த்து நின்றால் வெளிச்சம், காற்று இரண்டுமே உன் முதுகுப் பக்கம். இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்: கொக்கு எச்சமிட்டால் விரலைப் பொத்தானில் வை. பறப்பதற்கு முன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பல பறவைகளுக்கு உண்டு.

மடையான் அலுத்துவிட்டால் பஞ்சுருட்டானிடம் போ. ஒரு குச்சியில் உட்காரும், பாய்ந்து தேனீயையோ தும்பியையோ பிடிக்கும், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும், தேனீயைக் குச்சியில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கித் தின்னும். குச்சியின்மேல் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும். ஒரே காட்சியை ஒரு மணி நேரத்தில் இருபது முறை திரும்ப நடத்திக் காட்டும் வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்?

மா. கிருஷ்ணனைப் படித்திருக்கிறாயா? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே ஒரு கருவி செய்துகொண்டவர். காலம் வண்ணத்துக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். 1950 முதல் 1996-ல் மறையும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். காட்டு யானையைப் பார்த்த அதே கவனத்தோடு வீட்டுப் பக்கத்துக் காக்கையையும் பார்த்தவர் அவர். அவர் படங்களைக் கேமராக்காரனாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும், எழுத்தோடு சேர்த்துப் பார்.

உன் படங்களில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னான் கூடு, வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள். இருப்பதிலேயே துல்லியமான படம் அதுதான். அதனால்தான் பயமாக இருக்கிறது. கூட்டின்மேல் இலை நிழல் ஒன்றுகூட விழவில்லை. சின்னான் அப்படி வெட்டவெளியில் கூடு கட்டாது, தம்பி.

நானும் செய்திருக்கிறேன். மருதாணி வேலியில் ஒரு சின்னான் கூடு. வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் எண்ணம். மழை வந்தது, வீட்டுக்கு ஓடினேன், மறந்தேன். மறுநாள் காலை போனபோது செண்பகப் பறவை ஒன்று கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. செண்பகத்தின்மேல் குற்றமில்லை, அதற்கும் பசி. நான்தான் கதவைத் திறந்து வைத்தவன். அந்தப் படம் அப்போது ஒரு போட்டியில் பரிசுகூட வாங்கியது. இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்றே சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, கூட்டுப் பக்கமே போகாதே. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைக்கும் வித்தையும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நம்பித்தான் அது பதறிக்கொண்டு வருகிறது.

கிளையை நீ நகர்த்தினாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நகர்த்தியிருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே போய்ப் பழையபடி மூடிவிட்டு வா.

அடுத்த முறை நாற்பத்திரண்டு படம் வேண்டாம். மடையான் எழும்பும் படம் ஒன்றே ஒன்று அனுப்பு. இறக்கையில் வரி தெரிய வேண்டும். எந்தக் கரையில் நின்றாய், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் பின்பக்கத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்