கீழே விழுந்த லென்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் திரளும் நெரிசலிலும், மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் போன்ற பழங்கோயில்களின் கருங்கல் தளத்திலும், சாம்பல் நிற அணில்கள் வாழும் செண்பகத்தோப்புக் காட்டுப் பாறைகளிலும் படம் எடுப்போரின் கையிலிருந்து லென்ஸ் நழுவி விழுவது அரிதன்று. அவ்வாறு விழுந்த லென்ஸைப் பற்றி வழங்கிவரும் சில நம்பிக்கைகள், சீர்செய்யக்கூடிய லென்ஸை மூலையில் போடவும், பழுதான லென்ஸை நம்பி ஒரு திருமணம் முழுவதையும் படமெடுத்துவிடவும் காரணமாகின்றன. அவற்றுள் பரவலானவை இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: கண்ணாடி உடையவில்லை என்றால் லென்ஸ் தப்பிவிட்டது.

உண்மை: கேமரா லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடி அன்று. பல வில்லைகள், அவற்றின் மையங்கள் யாவும் ஒளி அச்சு எனப்படும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு, குழலுக்குள் அடுக்கப்பட்ட தொகுதியே அது. விழுந்த அதிர்ச்சியில் ஒரு வில்லை இந்த அச்சிலிருந்து சற்றே விலகினாலோ சாய்ந்தாலோ, படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதிவாகும். இக்குறை மைய விலகல் எனப்படும். ஒளியியலில் மிகச் சிறிய பிழையும் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சான்றாக உள்ளது. அதன் 2.4 மீட்டர் ஆடியின் வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததால், ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. 1990இல் ஏவப்பட்ட அத்தொலைநோக்கி, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் கருவிகளைப் பொருத்திய பின்னரே எதிர்பார்த்த கூர்மையைப் பெற்றது.

மைய விலகலைக் கண்டறியும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சமதளமான சுவரில் செய்தித்தாளின் பக்கங்களை அடுத்தடுத்து ஒட்டி, கேமராவை முக்காலியில் சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி, துளையை, அதாவது ஒளி நுழையும் வாயிலை, முழுமையாகத் திறந்து படமெடுத்து, நான்கு மூலைகளின் எழுத்துகளையும் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். பின்னர் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் எடுத்துப் பார்க்கையில், மங்கல் சட்டகத்தின் அதே மூலையில் நின்றால் குறை கருவியில் உள்ளது. எதிர் மூலைக்கு மாறினால் கேமரா சுவருக்கு இணையாக நிற்கவில்லை என்று பொருள். கேமராவும் சேர்ந்து விழுந்திருந்தால், வேறொரு லென்ஸை அதில் மாட்டி இதே சோதனையைச் செய்தால்தான் குறை லென்ஸிலா கேமராவிலா என்பது தெளியும். ஜூம் லென்ஸாயின், அகலக் கோணம், நடுநிலை, நெடுநிலை ஆகிய மூன்றிலும் சோதிப்பது அவசியம்.

நம்பிக்கை 2: முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால் லென்ஸ் வீண்.

உண்மை: முன் வில்லையிலுள்ள சிறு கீறல், லென்ஸ் குவியப்படுத்தக்கூடிய தொலைவைவிட மிக அருகில் இருப்பதால் அதன் உருவம் படத்தில் தெளிவாக விழுவதில்லை. வெயிலோ விளக்கோ நேராக அடிக்கும்போது ஒளி சிதறிப் படம் சற்று வெளிறக்கூடும் என்பதே அதன் முதன்மையான பாதிப்பு. சென்சாரை நெருங்கி நிற்கும் பின் வில்லையில் விழும் கீறலே அதிகக் கவலைக்குரியது.

நம்பிக்கை 3: ஃபில்டர் போட்டிருந்தால் லென்ஸுக்கு ஆபத்தில்லை.

உண்மை: தூசியையும் கைரேகையையும் தடுக்க ஃபில்டர் உதவும். ஆனால் அதன் மெல்லிய கண்ணாடி, தடித்த முன் வில்லை தாங்கக்கூடிய அடியிலும் நொறுங்கிவிடும் என்பதால், நொறுங்கிய ஃபில்டரை லென்ஸைக் காத்த சான்றாகக் கொள்ள இயலாது. அதன் சில்லுகளே முன் வில்லையைக் கீறுவதும் உண்டு. அடியைத் தாங்குவதில் பிளாஸ்டிக் ஹூட் மேலானது. அது வளைந்தோ கழன்றோ விசையின் ஒரு பகுதியைத் தானே ஏற்கிறது. நசுங்கிய வளையத்தில் ஃபில்டர் சிக்கிக்கொண்டால் குறடால் திருகக் கூடாது. முதலில் லென்ஸை முகம் கீழாகப் பிடித்துச் சில்லுகளை உதிர்த்து, காற்றுப் பந்தால் ஊதியபின், வளையத்தை நிமிர்த்துவதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்துவோரிடம் கொடுப்பதே முறை.

நம்பிக்கை 4: ஆட்டினால் சத்தம் கேட்கிறதெனில் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது.

உண்மை: கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்புள்ள லென்ஸ்களில் ஒரு வில்லைத் தொகுதி மிதந்த நிலையில் இருக்கும், மின்சாரம் இல்லாதபோது அது லேசாகத் தட்டும் ஒலி எழுப்புவது இயல்பே. விழுவதற்கு முன் இல்லாத ஒலி, ஜூம் வளையத்தைத் திருப்புகையில் மண் அரைபடுவது போன்ற உரசல், ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து நிலைகொள்ளாமை ஆகியவையே பழுதின் அறிகுறிகள். கேமராவில் தொடர்புப் பிழை காட்டினால், முதலில், கேமராவுடன் இணையும் வளையமான மவுண்டிலுள்ள மின்தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பார்க்கலாம். பிழை நீடித்தால் உள்ளே ஃபிளெக்ஸ் கேபிள் எனப்படும் நாடாவடிவ மின்கம்பி அறுந்திருக்க வாய்ப்புண்டு.

நம்பிக்கை 5: மவுண்ட் உடைந்தால் பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம், கழற்றி மாட்டுவது எளிது.

உண்மை: மரக்கிளைகளின் உச்சியில் திரியும் அணிலைப் படமெடுக்க வேண்டிய நீண்ட லென்ஸ், விழும்போது நெம்புகோல் போலச் செயல்பட்டு, மவுண்டின்மீது தன் விசை முழுவதையும் செலுத்துகிறது. உடைந்த மவுண்டை மாற்ற முடியும். ஆயினும் மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ., கேனான் இஎஃப் வகையில் 44 மி.மீ. என வரையறுக்கப்பட்டுள்ளது. இதைச் சரிசெய்ய மவுண்டின் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று தொலைந்தாலோ இடம் மாறினாலோ குவியம் பிசகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளின் ஆவி அருகிலுள்ள கண்ணாடியில் வெண்படலமாகப் படிவதால் அவற்றை லென்ஸுக்குள் பயன்படுத்துவது தீங்கானது. ஜப்பானிய லென்ஸ்களின் நுண்ணிய திருகுகளின் தலை சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாததால், பலவற்றில் திருகு தேய்ந்து கழற்றவே முடியாமல் போகிறது.

நம்பிக்கை 6: வாரண்டி இருப்பதால் கவலையில்லை.

உண்மை: உற்பத்திக் குறைகளுக்கே வாரண்டி பொதுவாகப் பொருந்தும், கீழே விழுந்த சேதம் அதில் அடங்காது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் விபத்துச் சேதத்தையும் உள்ளடக்கிய கருவிக் காப்பீடு எடுப்பது நலம். விழுந்தவுடன் சேதத்தைப் படமெடுத்து, தேதியுடன் குறித்து வைப்பதும் தேவை. பழுது நீக்கும் செலவை மதிப்பீடாக முன்கூட்டியே எழுத்தில் பெற்று, அதே லென்ஸ் பழைய சந்தையில் பெறும் விலையுடன் ஒப்பிட்ட பின்னரே, பழுது பார்ப்பதா மாற்றுவதா என முடிவு செய்ய வேண்டும்.

விழுந்த லென்ஸின் நலத்தை வெளித்தோற்றம் தீர்மானிப்பதில்லை; அதன் வழியே எடுத்த படமே தீர்மானிக்கிறது. ஆகவே லென்ஸ் ஒருமுறை தரையில் பட்டுவிட்டால், மேலே கீறல் இல்லாவிட்டாலும், அடுத்த முகூர்த்தத்திற்கு அதை எடுத்துச் செல்லுமுன் நான்கு மூலைகளையும் சோதித்துவிடுவது ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் தம்மை நம்பி வந்தவர்களுக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.